சாக்கு என்று அவர் சொன்னது

குறை கண்டுபிடிப்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவள் நான். ஓசூரில் லேப்டாப் தயாரிக்கும் ஒரு கம்பெனியில், எங்கள் ஆட்கள் வடிவமைக்கும் சிப் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சோதிப்பது என் பொறுப்பு. சோதிப்பது என்பது மரியாதையான சொல். பக்கத்து அறையில் நல்ல மனிதர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்ததை எடுத்து வைத்துக்கொண்டு, இது எங்கே உடையும் என்று தேடுவதுதான் உண்மையான வேலை. பல வருடமாக இதையே செய்ததில் வீட்டிலும் அந்தப் புத்தி வந்துவிட்டது. ரசத்தில் உப்பு சரியாக இருந்தால்கூட ஒரு முறை சந்தேகப்பட்டுவிட்டுத்தான் சாப்பிடுவேன் என்று என் கணவர் கேலி செய்வார்.

இப்படிப்பட்டவள் ஒரே ஒரு சொல்லைத் தப்பாகக் கேட்டுவிட்டு, பதினொரு பேரை ஒன்பது நாள் வேலை வாங்கினேன். இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

எங்கள் கம்பெனி பெரிய கம்பெனி இல்லை. பள்ளிக்கூடங்கள், சின்னக் கடைகள், முதல் முறையாகக் கம்ப்யூட்டர் வாங்கும் வீடுகள், இவர்கள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். வெளியில் வாங்கிய சிப்பைப் போட்டே நெடுநாள் ஓட்டினோம். பிறகு துணிந்து சொந்தமாக ஒரு சிப் செய்தோம். வேகத்தில் அது யாரையும் முந்தவில்லை. ஆனால் தூங்குவதில் கெட்டிக்காரச் சிப். மூடியைச் சாத்தினால் கண்ணை மூடித் திறப்பதற்குள் தூங்கிவிடும், திறந்தால் எழுந்துவிடும். அதனால் பேட்டரி நின்று பேசியது. கரண்ட் போய்ப் போய் வரும் ஊர்களில் அந்த லேப்டாப்புக்கு நல்ல பெயர்.

எங்கள் எம்.டி.க்கு வீட்டு மொழி கன்னடம். தமிழ் நன்றாகப் பேசுவார், தெலுங்கும் வரும், கோபம் வந்தால் மட்டும் ஆங்கிலம். எங்கள் ஆபீஸில் ஒரு வாக்கியம் ஒரே மொழியில் ஆரம்பித்து அதே மொழியில் முடிந்தால் அதிசயம். முதல் சிப் வெற்றி பெற்ற அன்று அவர் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "இது நாவு சாக்கித கரு" என்றார். திருநெல்வேலியிலிருந்து புதிதாக வந்து சேர்ந்திருந்த ஒரு பெண், எம்.டி. எதற்குக் கரு கரு என்கிறார் என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள். கன்னடத்தில் கரு என்றால் கன்றுக்குட்டி, நாம் வளர்த்த கன்று என்கிறார் என்று சொன்னேன். எனக்கு அது மொழிபெயர்க்கவே தேவைப்படாத வாக்கியம். நான் அஞ்செட்டிப் பக்கம் நாட்றாம்பாளையத்துக்காரி. எங்கள் வீட்டுப் பேச்சில் பாதி கன்னடம். அப்பா மாடு வைத்திருந்தார். சாக்குவது என்றால் எங்களுக்கு மாடு வளர்ப்பது, கன்று வளர்ப்பது, அதட்டி உருட்டிப் பிள்ளை வளர்ப்பது.

அந்தக் கன்றுக்குட்டியைச் செய்தவர்களில் முதல் ஆளை ஆபீஸ் முழுக்க பாய் என்றுதான் கூப்பிடுவோம். கிருஷ்ணகிரிக்காரர். வீட்டில் எல்லோரும் மாங்காய் மண்டி வியாபாரம், இவர் ஒருவர்தான் சிப் பக்கம் வந்தவர். பெங்களூரில் ஒரு பெரிய வெளிநாட்டுக் கம்பெனியில் நல்ல பதவியில் இருந்துவிட்டு, அதை விட்டு எங்களிடம் வந்தார். எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டி தமிழ்நாட்டு ஆட்கள் கர்நாடகப் பக்கம் வேலைக்குப் போவதைத்தான் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அங்கிருந்து இந்தப் பக்கம் இறங்கி வந்தவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். ஏன் என்று கேட்டதற்கு, அங்கே பன்னிரண்டு வருடமாக ஒரு சிப்பின் ஒரே மூலையைத்தான் செய்துகொண்டிருந்தேன் என்றார். "முழுசா ஒண்ணு செஞ்சு பாத்துடணும்க்கா" என்றார். எனக்கு அவரைவிட மூன்று வயது அதிகம். அதனால் அவருக்கு நான் அக்கா.

லேப்டாப் விற்றதோடு நிற்காமல், வாடிக்கையாளர்களின் போட்டோக்களையும் பள்ளிக்கூடப் பாடங்களையும் நாங்களே பத்திரமாக வைத்துத் தரும் ஒரு சேவையையும் கம்பெனி தொடங்கியது. அதற்காகத் தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு சர்வர் அறை. வாங்கிய சர்வர்கள். அவை ராப்பகலாகச் சூடு கக்கும், அந்தச் சூட்டைத் தணிக்க ஏசிகள் உறுமும். பாய் ஒரு நாள் அந்த அறையிலிருந்து வெளியே வந்து, நம் சிப் எவ்வளவு குறைச்சலாகக் கரண்ட் குடிக்கிறது, அதையே பெரிதாக்கி சர்வருக்கு ஒன்று செய்தால் என்ன என்று கேட்டார். எம்.டி.யின் கண் மின்னியது. எனக்கு இது எங்கே உடையும் என்றுதான் தோன்றியது. இருந்தாலும் வேலை ஆரம்பித்தது. பாயையும் சேர்த்துப் பதினொரு பேர், ஐந்து வருடம்.

வடிவமைத்ததை வெளிநாட்டுத் தொழிற்சாலைக்கு அனுப்பி, முதல் மாதிரிச் சிப்புகள் ஒரு சின்ன அட்டைப் பெட்டியில் வந்தன. போர்டில் பொருத்தி கரண்ட் கொடுத்த முதல் நாளே உயிர் வந்துவிட்டது. பாய் கிருஷ்ணகிரியிலிருந்து இனிப்பு வாங்கி வந்து செக்யூரிட்டி வரைக்கும் கொடுத்தார். நான் இனிப்பை ஒன்றுக்கு இரண்டாக எடுத்துக்கொண்டு என் வேலையை ஆரம்பித்தேன். சிப்பை நிறுத்தாமல் ஓட விட்டேன்.

முப்பத்தொன்றாவது மணி நேரத்தில் மெமரியில் ஒரு பிட் தப்பாக வந்தது. பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று. அவ்வளவுதான். லேப்டாப்பில் இப்படி நடந்தால் அணைத்துப் போட்டுவிட்டு மறந்துபோவார்கள். ஆயிரம் குடும்பங்களின் போட்டோக்களை வைத்திருக்கும் சர்வரில் அது நடக்கவே கூடாது. மறுபடி ஓட்டினோம். முப்பத்துநான்காவது மணியில் வேறு ஒரு இடத்தில் தப்பு. அதற்கடுத்த முறை இருபத்தெட்டில். பாய் என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அதற்கு அவர் திட்டியிருக்கலாம்.

இரண்டு மாதம் தேடினார்கள். காரணம் கிடைக்கவில்லை. சரிசெய்து மறுபடியும் தொழிற்சாலைக்கு அனுப்புவது என்றால் அது கம்பெனியையே அசைக்கிற செலவு. எம்.டி. என்னைக் கூப்பிட்டார். லேப்டாப் செய்கிற நாம் சர்வர் சிப் செய்யலாமா வேண்டாமா, இரண்டே பக்கத்தில் எழுதிக் கொடு என்றார். எதற்கு நான் என்று கேட்டேன். இந்தக் கட்டடத்தில் யார் மனமும் நோகக்கூடாது என்று எழுதாத ஆள் நீதான் என்றார். பாராட்டா திட்டா என்று தெரியாமல் சரி என்றுவிட்டு வந்தேன்.

எழுதுவது கஷ்டமாகவே இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. லேப்டாப் நாம் ஆயிரக்கணக்கில் விற்கிறோம், சர்வர் நமக்குத் தேவைப்படுவது ஒரே ஒரு அறைக்கு. வெளியே விற்கலாம் என்றால், சர்வர் வாங்குகிறவர்கள் பத்து வருடம் கூடவே நிற்பாயா என்று கேட்பார்கள், நாம் இரண்டு வருடத்துக்கு ஒரு மாடலை மாற்றுகிற ஆட்கள். நம் சிப்பின் பெருமை சட்டென்று தூங்குவது, சர்வருக்குத் தூக்கமே கிடையாது. நம் திறமை எதுவோ அது அங்கே வேண்டாத பொருள். இப்படி எழுதி, கடைசி வரியில், வேண்டாம் என்பது என் கருத்து என்று போட்டேன்.

முதுகுக்குப் பின்னால் அனுப்ப மனம் வரவில்லை. கேன்டீனில் பாய் முன்னால் அந்த இரண்டு பக்கத்தையும் வைத்தேன். அவர் டீயை ஒதுக்கி வைத்துவிட்டுப் படித்தார். இரண்டாம் முறை படித்தார். டீயில் ஆடை படிந்துவிட்டது. நான் எதிர் சுவரில் ஒட்டியிருந்த சாப்பாட்டுப் பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு லெமன் சாதம்.

"ஒண்ணு விட்டுட்டீங்கக்கா" என்றார்.

எதை என்று கேட்டேன்.

"சிப்பு செய்யறது பாதி வேலதான். அதுமேல ஓடற சாப்ட்வேர எல்லாம் நம்ம சிப்புக்குன்னு உக்காந்து மாத்தித் தரணும். அதுக்கு நம்மகிட்ட ஆளு இல்ல. இதையும் போடுங்க. இல்லன்னா எழுதினது அரைகொறையா இருக்கும்."

பேனாவை வாங்கி ஓரத்தில் அவரே குறித்துக் கொடுத்தார். அவருடைய ஐந்து வருடத்துக்கு எதிரான காரணம் ஒன்றை அவர் கையாலேயே. எனக்கு அப்போது அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. இத்தனை நியாயமாக இருக்கச் சொல்லி இவரை யார் கேட்டார்கள் என்று இருந்தது. கழிவறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். பிறகு அவர் சொன்னதையும் சேர்த்து அனுப்பினேன்.

எம்.டி. அதைப் படித்தது காரில் போகும்போது. வருடத்துக்கு ஒரு முறை மலைப்பக்கம் ஒரு இயற்கை வைத்திய இடத்துக்குப் போய்ப் பத்து நாள் தங்குவார். பப்பாளியும் கஞ்சியும் கொடுத்து, போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அந்த வழி எனக்குத் தெரியும், எங்கள் ஊருக்குப் போகிற வழிதான். அஞ்செட்டியை நெருங்கினாலே சிக்னல் தத்தளிக்கும். அங்கிருந்துதான் கூப்பிட்டார். நான் பார்க்கிங்கில் வேப்பமரத்தடியில் நின்று பேசினேன்.

"ஓதிதேம்மா" என்றார். படித்தேன் என்கிறார். பிறகு கரகரவென்று சத்தம். அதற்கு நடுவில் "சாக்கு" என்று கேட்டது. மறுபடி கரகர. "பாய்கெ ஹேளு" என்பது தெளிவாகக் கேட்டது. பாயிடம் சொல். அதோடு லைன் போய்விட்டது. திருப்பிக் கூப்பிட்டேன், கிடைக்கவில்லை.

இங்கே ஒன்றை விளக்கிவிட வேண்டும். கன்னடத்தில் அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம். வளர்த்துவா என்பதும் அதுதான். போதும் என்பதும் அதுதான். பெங்களூரில் ஒரே ஒரு நாள் ஹோட்டலில் சாப்பிட்டவர்களுக்கும் இரண்டாவது அர்த்தம் தெரிந்திருக்கும். எனக்கும் தெரியும். வேண்டாம் என்று நானே எழுதிக் கொடுத்ததற்குப் பதிலாக ஒருவர் அந்தச் சொல்லைச் சொன்னால் எந்த அர்த்தம் என்று பச்சைக் குழந்தைக்கும் புரியும். எனக்குப் புரியவில்லை. எனக்கு அந்த வேப்பமரத்தடியில் இரண்டாவது அர்த்தம் ஞாபகத்துக்கே வரவில்லை. நாவு சாக்கித கரு என்று அவர் உள்ளங்கையை நீட்டியதுதான் கண்ணில் தெரிந்தது. பாயின் குழு இருக்கும் லேபுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

"வளர்க்கச் சொல்லிட்டார் பாய்" என்றேன்.

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். "அந்த நோட்ட படிச்ச பிறகுமா?"

படித்தேன் என்றுதான் பேச்சையே ஆரம்பித்தார் என்றேன். அது பொய் இல்லை. எம்.டி. சொன்ன சொல் என்ன என்று பாய் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மொழிபெயர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். பாய் முகம் கழுவப் போனார். திரும்பி வர நேரமாயிற்று. கண் சிவந்திருந்தது.

அதற்குப் பிறகு வந்த ஒன்பது நாளைப் போல அந்த லேபில் நான் பார்த்ததில்லை. முந்தைய இரண்டு மாதமும் அவர்கள் பயந்துகொண்டே தேடியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொருவரும் தன் பகுதியில் தப்பு இருந்துவிடக் கூடாதே என்று தேடினார்கள். கூடாது என்று தேடினால் எப்படிக் கிடைக்கும்? இப்போது இன்னொரு வாய்ப்பு உண்டு என்றானதும் தப்பு என் பக்கம்கூட இருக்கலாம் என்று ஆளாளுக்கு முன்வந்து பேசினார்கள். சிரிப்புச் சத்தம் என் அறைக்குக் கேட்டது. நானும் அங்கேயே போய் உட்கார்ந்துகொண்டேன்.

மூன்றாம் நாள் அந்தத் திருநெல்வேலிப் பெண், இப்போது அவளும் அந்தக் குழுவில்தான், தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள். "லேப்டாப் சிப்புலயும் இதே மெமரி பகுதிதானே இருக்கு. அது செய்ற எதை இது செய்யலன்னு பாத்தா என்ன?"

எதைச் செய்யவில்லை? தூங்கவில்லை. எல்லோரும் பாயைப் பார்த்தோம். பாய் பலகையில் எழுத ஆரம்பித்தார். சிப்பும் மெமரியும் பேசிக்கொள்ள இரண்டுக்கும் தாளம் ஒத்துப்போக வேண்டும். எங்கள் லேப்டாப் ஒவ்வொரு முறை தூங்கி எழும்போதும் அந்தத் தாளத்தைப் புதிதாகச் சரிசெய்துகொள்ளும். சர்வர் தூங்குவதே இல்லை. முதல் நாள் பிடித்த தாளத்திலேயே ஓடுகிறது. சூடு ஏற ஏற, மணி ஆக ஆக, தாளம் இம்மி இம்மியாக விலகி, எங்கோ ஒரு இடத்தில் தப்புகிறது. தூங்குவதையே பெருமையாக நினைத்துச் செய்தவர்களுக்கு, தூங்காமல் இருந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கத் தோன்றவில்லை. லேப்டாப் சிப்பைச் சோதித்துப் பாஸ் போட்ட எனக்கும் தோன்றவில்லை. மணிக்கு ஒரு முறை அரை நொடி தூங்க வைத்து ஓடவிட்டோம். முப்பது மணி தாண்டியது, ஐம்பது தாண்டியது, எழுபதும் தாண்டியது. ஒரு பிட் பிசகவில்லை.

எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டிருந்தபோது எனக்கு மட்டும் உள்ளே ஏதோ குடைந்தது. லேப்டாப்பிலும் இதே பகுதி. மூடியைச் சாத்தாத லேப்டாப் என்ன ஆகும்? மத்தூரில் ஒரு மாட்டுத் தீவனக் கடைக்காரர் ஒரே லேப்டாப்பை இரண்டு முறை சர்வீசுக்கு அனுப்பியிருந்தார். இரண்டு நாளைக்கு ஒரு முறை உறைந்துபோகிறது என்று புகார். இங்கே எடுத்துப் போட்டுப் பார்த்தால் நன்றாக ஓடியது. இரண்டு முறையும் நான்தான் எழுதினேன். பழுது எதுவும் இல்லை, தூசி படியாமல் பார்த்துக்கொள்ளவும்.

எட்டாம் நாள் நானும் பாயும் மத்தூர் போனோம். கடையில் இரண்டு தீவன மூட்டைகளை அடுக்கி அதன்மேல் லேப்டாப் இருந்தது. திறந்தபடி. கடைக்காரர் எங்களை உட்கார வைத்து, சோடா வாங்கிக் கொடுத்தார். கம்பெனியிலிருந்தே ஆள் வந்திருக்கிறார்கள் என்று பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். இதை எப்போது மூடுவீர்கள் என்று பாய் கேட்டார்.

"மூடறதே இல்லீங்க. மூடிட்டா உள்ள இருக்கறதெல்லாம் அழிஞ்சிடும்னு யாரோ சொன்னாங்க. அதான் வாங்கின நாள்லேர்ந்து தொறந்தே வெச்சிருக்கேன். சாயங்காலம் கடையை சாத்தும்போது மேல ஒரு துண்டு போட்டுட்டுப் போயிடுவேன். நீங்க தூசி தூசின்னீங்க, தெனம் ரெண்டு வாட்டி தொடைக்கிறேனுங்க."

நான் சோடாவைக் கீழே வைத்துவிட்டேன். தூசிமேல் பழியைப் போட்டு அந்த மனிதரை மாதக்கணக்கில் துடைக்க வைத்திருக்கிறேன். வெளியே வந்ததும் பாய் காரைத் திறக்காமல் கொஞ்ச நேரம் கடையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாம அஞ்சு வருசமா சர்வரு சர்வருன்னுக்கினு இருந்தோம். இவரு நம்ம லேப்டாப்பையே சர்வரா வெச்சிக்கினு இருக்காரு பாருங்கக்கா" என்றார்.

பத்தாம் நாள் காலை எம்.டி. வந்தார். இளைத்து, முகம் தெளிந்து, நல்ல மனநிலையில் இருந்தார். நேராக லேபுக்குள் வந்தவர், போர்டுகள் ஓடுவதையும் பலகை நிறைய எழுதியிருப்பதையும் பார்த்துவிட்டு, இங்கே என்ன நடக்கிறது என்று கேட்டார். பாய் சிரித்த முகத்தோடு, நீங்கள் தொடரச் சொன்னீர்கள் இல்லையா சார் என்றார்.

எம்.டி. என் பக்கம் திரும்பினார். "நான் இஷ்டு சாக்கு அந்தெனல்லா அம்மா?"

இஷ்டு சாக்கு. இவ்வளவு போதும் என்றேனே என்கிறார். அந்த இஷ்டுவைத்தான் மலைச் சிக்னல் விழுங்கியிருந்தது. அது இல்லாமலே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். அந்த நொடியில் எல்லாம் புரிந்தது. பதினொரு பேர் முன்னால், தமிழில், ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அவர் போதும் என்று சொன்னதை நான் வளர்த்துவா என்று கேட்டுவிட்டேன் என்றேன். பாயின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

எம்.டி. கோபப்பட்டு ஆங்கிலத்துக்குப் போவார் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை. "அதே வார்த்தைக்குத் தமிழ்ல வேற அர்த்தம் இருக்கும்மா" என்றார் மெதுவாக.

தமிழில் சாக்கு என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. செய்ய ஆசைப்பட்டதைச் செய்துவிட்டு, அதற்கு ஒரு காரணம் சொல்வது. இல்லை சார் என்று சொல்ல வாய் திறந்தேன். ஆனால் முழுக்க இல்லை என்று எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.

பாய்தான் பேசினார். என்னைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், ஒன்பது நாளில் என்ன கண்டோம் என்று பலகையைக் காட்டி வரிசையாகச் சொன்னார். தாளம், தூக்கம், மத்தூர்க் கடை. எம்.டி. உட்காராமலே கேட்டார். முடிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, மத்தூர்க்காரருக்கு மாற்று லேப்டாப் கொடுத்தாயிற்றா என்பது. இன்னும் இல்லை என்றேன். இன்றைக்கே கொடு, நீயே கொண்டுபோய்க் கொடு என்றார். துண்டு போட்டு மூடுகிற கடைகள் இன்னும் எத்தனை இருக்குமோ, முதலில் அவர்களைப் பாருங்கள் என்றார். சர்வர் சிப்பைப் பற்றி அவர் முடிவு மாறவில்லை. "அது சாக்கு பாய். போதும்கிற சாக்கு" என்று, இந்த முறை இரண்டு மொழியிலும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் முடிவு சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். வீட்டுக்கும் கடைக்கும் கம்ப்யூட்டர் விற்கிறவன் சர்வர் சிப்பில் இறங்கினால் இரண்டு பக்கமும் கெடும். ஆனால் ஒரு முறையாவது இறங்கிப் பார்த்திராவிட்டால், தான் விற்பது என்ன என்றே அவனுக்குத் தெரியாமல் போயிருக்கும். இந்த இரண்டையும் ஒரே நோட்டில் எழுத எனக்குத் தெரிந்திருக்கவில்லை. தூங்காமலே அவ்வப்போது தாளத்தைச் சரிசெய்துகொள்ளும்படி சின்னதாக ஒரு மாற்றம் எழுதி, விற்ற லேப்டாப்புகளுக்கெல்லாம் இன்டர்நெட் வழியாக அனுப்பினோம். குழுவில் நான்கு பேர் அத்திப்பள்ளி தாண்டி வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். பாய் போகவில்லை. அடுத்த லேப்டாப் சிப்பை அவர்தான் செய்கிறார். அது தூங்கவும் வேண்டும், ஒரு மாதம் தூங்காமல் ஓடவும் வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. அவர் ஆசைப்பட்ட அந்த சர்வர் சிப் ஒரு போர்டில் லேபின் மூலையில் ஓடிக்கொண்டேயிருக்கிறது. அதை அணைக்க யாருக்கும் மனம் வரவில்லை.

எம்.டி. வந்துபோன அன்று, மத்தூருக்குப் போய் லேப்டாப்பைக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். பார்க்கிங்கில் பாய் தன் கார் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். எனக்காகத்தான் நின்றிருக்கிறார் என்று தெரிந்தது. மன்னித்துவிடுங்கள் பாய் என்று ஆரம்பித்தேன்.

"பெங்களூர்ல பன்னெண்டு வருசம் ஹோட்டல்ல சாப்ட்டிருக்கேன்க்கா. சாம்பார் வாளிய பாத்தாலே சாக்கு சாக்கும்பேன். அன்னைக்கு நீங்க அந்த வார்த்தைய அப்படியே வந்து சொல்லியிருந்தீங்கன்னா, எனக்கு அப்பவே புரிஞ்சிருக்கும். லேப்ப சாத்திட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். அது ஏன் ஒடஞ்சதுன்னு தெரியாமலே போயிருப்பேன்" என்றார். சிறிது நேரம் சாவியை உருட்டிக்கொண்டிருந்தார். "ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்க. நோட்டுல வேணாம்னு எழுதினீங்க. போன்ல வளத்துவான்னு கேட்டுது. இதுல எதுக்கா நெசம்?"

குறை கண்டுபிடிக்கிறவளுக்கு இப்படி ஒரு கேள்வி. நன்றாக யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னேன்.

"ரெண்டும்தான் பாய்."

அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். காரில் ஏறி, கண்ணாடியை இறக்கினார்.

"சாக்குக்கா" என்றார்.

இந்த முறை எனக்குச் சரியாகக் கேட்டது.